கழன்று தொலைந்த நட்டுக்கும் போல்ட்டுக்கும் சரியான ஜோடியைக் கடையில் கண்டுபிடிப்பது எப்படி?

இரும்பு அலமாரியின் கால், கிரைண்டரின் அடித்தட்டு, தண்ணீர் மோட்டாரின் பீடம், சைக்கிளின் மட்கார்டு என எதிலிருந்து கழன்று விழுந்தாலும், தொலைந்த நட்டுக்கு மாற்று வாங்கப் போகிறவர்களில் பலர் "இந்த அளவு இருக்கும்" என்று விரல் இடுக்கில் காட்டித்தான் கேட்கிறார்கள். கடைக்காரரும் தம் அனுபவத்தைக் கொண்டு ஏறக்குறையச் சரியான ஒன்றை எடுத்துத் தருகிறார். சிக்கல் அந்த ஏறக்குறையில்தான் இருக்கிறது. அறவே பொருந்தாத நட் ஏறவே ஏறாது என்பதால் அதனால் தீங்கு எதுவும் இல்லை. ஏறக்குறையப் பொருந்தும் நட்டோ கையால் இரண்டு சுற்று ஏறி, பிறகு ஸ்பேனரின் பலத்தால் இன்னும் இரண்டு சுற்று ஏறி, தன் மரையையும் போல்ட்டின் மரையையும் சேர்த்தே அழித்துவிடும். ஆகவே சரியானதற்கும் கிட்டத்தட்டச் சரியானதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறியும் முறையைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதல் படி: மிஞ்சியிருக்கும் பாதியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்

நட் தொலைந்திருந்தால் போல்ட்டையும், போல்ட் தொலைந்திருந்தால் நட்டையும் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். துருவும் பழைய பெயிண்டும் மரையை அடைத்திருந்தால் எந்த அளவும் சரியாக வராது. டீசலிலோ மண்ணெண்ணெயிலோ சிறிது நேரம் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். நீண்ட காலம் இறுக்கத்தில் இருந்த போல்ட்டில் நட் உட்கார்ந்திருந்த பகுதி தேய்ந்தோ இழுபட்டோ இருக்கக்கூடும் என்பதால், நட் படாத இடத்து மரையை அளப்பதே நல்லது.

மரை இயந்திரத்தின் உடலிலேயே வெட்டப்பட்டிருந்தால் அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்போது அருகில் அதே வேலையைச் செய்யும் இன்னொரு போல்ட்டைக் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். ஒரு மூடியைச் சுற்றியுள்ள போல்ட்டுகளின் விட்டமும் மரையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் நீளம் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இருசக்கர வாகன எஞ்சின்களின் பக்க மூடியில் வெவ்வேறு நீளமுள்ள போல்ட்டுகள் இருப்பது வழக்கம். காலியான துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு அதன் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். துளையின் ஆழத்தைவிட நீளமான போல்ட்டை இறுக்கினால் அது அடியில் முட்டி நின்றுவிடும். மூடியோ தளர்வாகவே இருக்கும்.

இரண்டாம் படி: விட்டத்தை அளங்கள்

வெர்னியர் காலிப்பர் இருந்தால், மரையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளவெடுங்கள். மில்லிமீட்டர் வகைப் போல்ட்டுகளை எம் 5, எம் 6, எம் 8, எம் 10, எம் 12 என்று குறிப்பிடுவார்கள். எம்முக்குப் பின்னால் வரும் எண்தான் மில்லிமீட்டரில் விட்டம். உண்மையான போல்ட் அந்த எண்ணைவிடச் சற்றே குறைவாகத்தான் அளவு காட்டும். எம் 8 போல்ட்டில் 7.8 அல்லது 7.9 மில்லிமீட்டர் வந்தால் அது தேய்மானம் அல்ல, இயல்பான அளவே.

நட்டை அளக்கும்போது கணக்கு மாறும். நட்டின் உள்துளையை அளந்தால் வருவது மரையின் உள்விட்டம். அது போல்ட்டின் விட்டத்தைவிட நன்றாகக் குறைந்திருக்கும். எம் 6 நட்டில் ஏறத்தாழ 5, எம் 8 நட்டில் 6.7, எம் 10 நட்டில் 8.5 மில்லிமீட்டர் வரும். 6.7 என்பதைப் பார்த்துவிட்டு 7 மில்லிமீட்டர் போல்ட் கேட்பது தொடக்கத்தில் பலருக்கும் நேரக்கூடிய குழப்பம்.

ஸ்பேனர் எண்ணைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பட்டறைகளில் "பத்தாம் நம்பர் போல்ட்" என்று சொன்னால், பத்தாம் எண் ஸ்பேனரில் கழலும் போல்ட் என்றே பெரும்பாலும் பொருள்; அது எம் 6 போல்ட்டே தவிர எம் 10 அல்ல. எம் 8 போல்ட்டின் தலைக்குப் பொதுவாக 13 ஸ்பேனரும், ஜப்பானிய வடிவமைப்பைப் பின்பற்றும் வண்டிகளில் 12 ஸ்பேனரும் பொருந்தும். எம் 10 தலைக்கு, தயாரித்த தரத்தைப் பொறுத்து 17, 16 அல்லது 14 வேண்டியிருக்கும். ஆகவே ஸ்பேனர் எண்ணைத் துணைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, கடையில் மரையின் விட்டத்தைச் சொல்லியே கேளுங்கள்.

மூன்றாம் படி: மில்லிமீட்டரா, அங்குலமா என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது. ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த அங்குல மரையே பிரிட்டிஷ் இயந்திரங்களோடு இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-இல் இயற்றப்பட்ட பின்னரும், பழைய இயந்திரங்களும் அவற்றுக்கான வார்ப்புகளும் பழக்கங்களும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அதனால்தான் இன்றும் நம் ஊர் ஹார்ட்வேர் கடைகளில் இரண்டு வகைகளும் அடுத்தடுத்த டப்பாக்களில் இருக்கின்றன. கடைக்காரர் "மூணு நூல் போல்ட்" என்று சொன்னால், ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்பதால், அது 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர். கண்ணுக்கு அது எம் 10 போலவே தெரியும்.

இவற்றில் மிகவும் ஏமாற்றும் ஜோடி 5/16 அங்குலமும் எம் 8-உம் ஆகும். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர் என்பதால், காலிப்பரால் விட்டத்தை அளந்து இவற்றைப் பிரித்தறிய இயலாது. அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையே உள்ள தூரம், அதாவது கடைக்காரர்கள் பிட்ச் என்று சொல்லும் அளவுதான் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். எம் 8-இன் வழக்கமான பிட்ச் 1.25 மில்லிமீட்டர். 5/16 அங்குலத்தின் பருமரையில், அதாவது இடைவெளி அகன்ற வழக்கமான மரையில், ஓர் அங்குலத்துக்கு 18 மரைகள் இருப்பதால், அதன் பிட்ச் 1.41 மில்லிமீட்டர். வேறுபாடு மிகச் சிறியதுதான். ஆனால் ஒவ்வொரு மரையிலும் அது கூடிக்கொண்டே போவதால், சில சுற்றுகளிலேயே நட் சிக்கிக்கொள்கிறது.

பிட்ச் கேஜ் என்ற சிறு கருவி இருந்தால், அதன் தகடுகளை ஒவ்வொன்றாக மரைமீது வைத்துப் பார்த்து, வெளிச்சம் ஊடுருவாமல் படியும் தகட்டின் எண்ணைப் படித்துவிடலாம். கருவி இல்லாதவர்கள் சாதாரண ஸ்கேலைக் கொண்டே அளக்கலாம். ஒரு மரையின் முகட்டை ஸ்கேலின் பூஜ்யத்தில் வைத்து, அங்கிருந்து பத்து இடைவெளிகள் தாண்டியுள்ள முகடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எண்ண வேண்டியது இடைவெளிகளை. முகடுகளை எண்ணினால் பதினொன்று வரும். பத்து இடைவெளிகளின் நீளம் எம் 5-க்கு 8, எம் 6-க்கு 10, எம் 8-க்கு 12.5, எம் 10-க்கு 15, எம் 12-க்கு 17.5 மில்லிமீட்டர் ஆகும். அங்குல வகைப் பருமரையில் இதே நீளம் 1/4-க்கு 12.7, 5/16-க்கு 14.1, 3/8-க்கு 15.9 மில்லிமீட்டர் என வரும். எம் 8-உம் 1/4 அங்குலமும் ஏறத்தாழ ஒரே நீளத்தைக் காட்டினாலும், அவற்றின் விட்டங்கள் வெகுவாக வேறுபடுவதால் அங்கே குழப்பத்துக்கு இடமில்லை. விட்டம், பிட்ச் என்னும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை உறுதியாகும்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. அளவு உறுதியாகத் தெரிந்த ஒரு போல்ட்டை உங்கள் போல்ட்டோடு பக்கவாட்டில் சேர்த்து, ஒன்றின் மரை மற்றொன்றின் பள்ளத்தில் படியுமாறு வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். முழு நீளத்துக்கும் இடைவெளியின்றிப் படிந்தால் பிட்ச் ஒன்றே. தொடக்கத்தில் படிந்து போகப் போக விலகினால் வேறு. எம் 6, எம் 8, எம் 10, 1/4, 5/16, 3/8 ஆகியவற்றில் ஒவ்வொரு போல்ட்டும் நட்டும் வாங்கி, அளவெழுதி வீட்டில் வைத்துக்கொண்டால், மிகக் குறைந்த செலவில் ஒரு நல்ல அளவுகோல் உங்களிடம் இருக்கும்.

ஒரே விட்டத்தில் இடைவெளி குறுகிய நுண்மரையும் உண்டு என்பதை மறக்கலாகாது. எம் 10-இன் பருமரை 1.5, நுண்மரை 1.25. இருசக்கர வாகனங்களின் கண்ணாடித் தண்டிலும் சக்கர அச்சிலும் நுண்மரையைக் காணலாம். சாதாரண ஹார்ட்வேர் கடைகளில் பெரும்பாலும் பருமரைதான் கிடைக்கும் என்பதால், வண்டிக்கான நுண்மரைக்கு உதிரிபாகக் கடைகளை நாடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட் வண்டிகளில் பிரிட்டிஷ் மரைகள் பலவும் கலந்திருக்கும். ஓர் அங்குலத்துக்கு 26 என்ற மிக நுண்ணிய சைக்கிள் மரையும் அவற்றுள் ஒன்று. அத்தகைய வண்டிக்கு மில்லிமீட்டர் நட்டைக் கட்டாயப்படுத்தி ஏற்றுவது, கிடைத்தற்கரிய பாகத்தைப் பாழாக்கும் செயல்.

நான்காம் படி: நீளமும் தலையும்

அறுகோணத் தலையும், நடுவில் அறுகோணக் குழியுள்ள அலன் தலையும் உள்ள போல்ட்டுகளில், தலைக்குக் கீழிருந்து நுனி வரை உள்ளதே நீளம். மரச்சட்டத்துக்குள் அமிழ்ந்துவிடும் தட்டைத் தலையுள்ள வகையில், தலையையும் சேர்த்து அளக்க வேண்டும். இறுக்கிய பிறகு நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரைகள் தெரியுமளவுக்கு நீளம் இருக்கட்டும்; வாஷரின் கனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வலிமையும் உலோகமும்

போல்ட்டின் தலைமீது 8.8 அல்லது 10.9 போன்ற எண் பொறிக்கப்பட்டிருந்தால், அதே எண்ணுள்ளதையே கேட்டு வாங்குங்கள். 8.8-இல் முதல் எட்டு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது; புள்ளிக்குப் பின்னால் வரும் எட்டு, அதில் 80 விழுக்காடு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. கடைகளில் இவ்வகையை "ஹைடென்சில்" என்பார்கள். பிரேக், சக்கரம், ஹேண்டில் ஆகிய இடங்களில் எண் பொறிக்காத சாதாரண இரும்புப் போல்ட்டை, மரை எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும், தயவுசெய்து போடாதீர்கள். 8.8 போல்ட்டுக்கு, எட்டு என்று பொறித்த நட்டே தக்க ஜோடி.

கடற்கரை ஊர்களில் ஜன்னலுக்கும் வெளிக்கதவுக்கும் துருப்பிடிக்காத எஸ்.எஸ். வகையை வாங்கலாம், அதில் 304 என்ற தரத்தைவிட 316 என்ற தரம் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை வேகமாக முறுக்கினால் இரண்டும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், சிறிது கிரீஸ் தடவி மெதுவாக இறுக்குங்கள்.

ஆறாம் படி: கடையில் கேட்பதும் சோதிப்பதும்

கூட்டம் குறைந்த நேரத்தில் சென்று, கொண்டுபோன பாதியைக் கடைக்காரரின் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணே, எம் 8 போல்ட், 1.25 பிட்ச், 40 நீளம், ஹைடென்சில், நட்டும் வாஷரும் சேர்த்து" என்று விட்டம், பிட்ச், நீளம், வலிமை என்ற வரிசையில் சொல்லுங்கள். இந்த வரிசையில் கேட்டால் அவருக்கும் தேடும் வேலை குறையும்.

அவர் எடுத்துத் தந்ததை அங்கேயே, விரல்களால் மட்டும், போல்ட்டின் மரை முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டாம் மூன்றாம் சுற்றில் இறுகினால் பிட்ச் வேறு. எளிதாக ஓடினாலும் பக்கவாட்டில் வெகுவாக ஆடினால் விட்டம் வேறு. "ஸ்பேனர் போட்டால் ஏறிவிடும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். இந்த விதிக்கு உட்படாதது உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலாக் நட் ஒன்றே, அதுவும் வளையத்தைத் தொடும் வரை விரலால் ஓடியாக வேண்டும்.

எந்த நட்டும் முதல் சுற்றிலேயே பிடிக்கவில்லை என்றால் இடது மரையா என்று பாருங்கள். போல்ட்டைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது மரைகள் வலப்பக்கம் உயர்ந்து சென்றால் வழக்கமான வலது மரை. இடப்பக்கம் உயர்ந்தால் இடது மரை. சைக்கிளின் இடது பெடல், மேசை மின்விசிறியின் இறக்கையைப் பிடிக்கும் குமிழ், சில யமஹா வண்டிகளின் வலப்பக்கக் கண்ணாடி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

ஏழாம் படி: மாட்டுதல்

நட்டைப் போல்ட்டின் நுனியில் நேராக வைத்து, முதலில் கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். மரைகள் சேரும் இடத்தில் நட் சற்றே இறங்கி அமர்வதை விரல் உணரும். அங்கிருந்து இறுக்கும் திசையில் திருப்பினால் மரை குறுக்கே ஏறாது. கையால் முடிந்தவரை சுற்றிய பிறகே ஸ்பேனரை எடுங்கள். மோட்டார், கிரைண்டர் போன்று அதிரும் பொருள்களில் ஸ்பிரிங் வாஷரையோ நைலாக் நட்டையோ பயன்படுத்தி, ஓரிரு நாள் ஓட்டிய பின் இறுக்கத்தை ஒருமுறை சரிபாருங்கள். ஒன்றிரண்டை உபரியாக வாங்கி, "எம் 8, 1.25, 40" என்பதுபோல் அளவையும், எந்தப் பொருளுக்கு உரியது என்பதையும் உறைமீது எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை அளக்கும் வேலையே இராது.