வெட்டி ஒட்டாமல் விக்கிப்பீடியாவில் எழுத: வேலூர் மாணவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கு

வேலூர்க் கோட்டையைப் பற்றி எழுதச் சொன்னால், கோட்டைக்குள் தொல்லியல் துறை வைத்திருக்கும் பலகையைப் போனில் படமெடுத்து அப்படியே தட்டச்சு செய்கிற மாணவர்கள் உண்டு. அரசுப் பலகைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அரசு வெளியீட்டுக்கும் 60 ஆண்டு உரிமை உண்டு. கோயில் தலவரலாற்றுச் சிறுநூல், கல்லூரி இணையதளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கம், நாளிதழ்ச் செய்தி எதையும் அள்ளிவந்து கொட்ட முடியாது.

விக்கிப்பீடியாவில் சேமித்த உரையை யாரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். அதன் உரிமம் அப்படி. அடுத்தவர் எழுத்தை அப்படித் தூக்கிக்கொடுக்க மாணவருக்கு ஏது உரிமை? “முதலில் மணல்தொட்டியில் ஒட்டிவைக்கிறேன் சார், அப்புறம் மாத்திடறேன்” என்று விக்கிப்பீடியாவின் பயிற்சிப் பக்கத்தைக் காட்டுவதும் ஆகாது. மணல்தொட்டியை எவரும் பார்க்கலாம். ஒட்டியதை அழித்தாலும், பழைய வடிவங்களையெல்லாம் சேமித்துவைக்கும் பக்க வரலாற்றில் அது கிடக்கும். மறைக்க நிர்வாகிதான் வரவேண்டும்.

கோளாறு தொடங்குவது குறிப்பெடுக்கும்போது. அந்தக் கட்டத்தில் கணினியே வேண்டாம். ஒரு பத்தியைப் படித்ததும் நூலை மூடச் சொல்லுங்கள். நினைவில் நிற்கும் தகவலை ஐந்தாறு சொற்களில் எழுதி, ஓரத்தில் பக்க எண்ணைக் குறிக்கட்டும். ஆண்டு, பெயர் சரிபார்க்க மட்டும் நூலைத் திரும்பத் திறக்கலாம். முழு வாக்கியம் எழுதினால் அது நூலாசிரியரின் வாக்கியமாகத்தான் வந்து விழும்.

வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சி பற்றி ஒரு நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “சமய அடையாளங்களைத் துறக்கச் சொன்ன புதிய உடை விதிகளால் கொதித்தெழுந்த சிப்பாய்கள், 1806 ஜூலை 10 அதிகாலையில் ஆங்கிலேயரைத் தாக்கினர்.” மாணவர் ‘கொதித்தெழுந்த’ என்பதை ‘வெகுண்டெழுந்த’ என்றும், ‘அதிகாலையில்’ என்பதை ‘விடியற்காலையில்’ என்றும் மாற்றிவிட்டுச் சொந்தமாக எழுதியதாக நம்புவார். சட்டை மாறியிருக்கிறது, ஆள் அதே ஆள். குறிப்பு இப்படி இருக்கட்டும்: ‘1805 நவ. விதி, நெற்றிக்குறி, தாடி தடை, தோல் வைத்த தொப்பி, 1806 ஜூலை 10, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி.’ இன்னொரு நூலையும் பார்த்தபின் எழுதினால்: “1805 நவம்பரில் வந்த விதி நெற்றிக்குறியையும் தாடியையும் தடுத்தது, தோல் வைத்த தொப்பியையும் கட்டாயமாக்கியது. மறு ஆண்டு ஜூலை 10 அன்று வெடித்த கிளர்ச்சியை, ஆற்காட்டிலிருந்து விரைந்துவந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் படை அன்றே ஒடுக்கியது.” இரண்டு நூலுக்கும் மேற்கோள், அந்தந்த வாக்கியத்தின் முடிவிலேயே. ஒட்டிய பத்தியின் அடியில் மேற்கோள் போட்டால் அது சொந்த எழுத்தாகிவிடாது.

1881இல் வந்த காக்ஸின் வட ஆற்காடு மாவட்டக் கையேட்டுக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் அதிலிருந்து எடுத்த வரி என்று சொல்லத்தான் வேண்டும். ஆங்கில நாளிதழை மொழிபெயர்ப்பதும் நகல்தான், கூகுள் மொழிபெயர்த்தாலும். ஆங்கில விக்கிப்பீடியாவை மொழிபெயர்க்கலாம். மூலக் கட்டுரையின் இணைப்பை, சேமிக்கும்போது நிரப்பும் தொகுப்புச் சுருக்கத்தில் தரவேண்டும்.

திருத்தும்போது சந்தேகமான வரியிலிருந்து தொடர்ச்சியாக எட்டுச் சொற்களை இரட்டை மேற்கோள்குறிக்குள் வைத்துத் தேடுங்கள். பாதியில் உடையும் வரிகள், பழைய எழுத்துரு பிடிஎஃப் விட்டுச்சென்ற குப்பை எழுத்துகள், திடீரென்று முளைக்கும் ‘மங்காப் புகழ்’ வகை அடைமொழிகள் எல்லாம் காட்டிக்கொடுக்கும். தேடலில் கிடைத்த தளமே விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். திட்டுவதற்கு முன் பக்க வரலாற்றில் தேதியைப் பாருங்கள்.