டிவி தேறுமா, தேறாதா? டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்

2006-ல் அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்த சமயத்தில் காவேரிப்பட்டணத்தில் கடை போட்டேன். அந்த 14 இஞ்சு பெட்டிகள்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தன. அப்போது சரி பண்ணலாமா, புதுசு வாங்கலாமா என்று யாரும் யோசித்ததில்லை. சரி பண்ணித்தான் ஆக வேண்டும். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “ண்ணா, இது தேறுமா?” என்கிறார்கள்.

டிவி எத்தனை வருஷப் பழசு என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். முதல் கேள்வி, பேனல் நல்லா இருக்கா? பேனல் என்றால் படம் தெரிகிற அந்தக் கண்ணாடித் திரை. டிவி விலையில் பெரும்பங்கு அதற்குத்தான். மற்றதெல்லாம் போர்டு, ஒயர், பல்பு. மாற்றிக்கொள்ளலாம்.

கடைக்குத் தூக்கி வருவதற்கு முன்னால் வீட்டிலேயே கொஞ்சம் பாருங்கள். ‘நோ சிக்னல்’ என்று எழுத்து வந்தால் டிவி உயிரோடுதான் இருக்கிறது, கோளாறு செட்டாப் பாக்ஸிலோ ஒயரிலோ. எச்.டி.எம்.ஐ. ஒயரைப் பக்கத்து ஓட்டைக்கு மாற்றிக் குத்திப் பாருங்கள். ரிமோட் வேலை செய்யவில்லையா? செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் ரிமோட் நுனியில் வெளிச்சப் புள்ளி மின்னுவது தெரியும். தெரியாவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள்.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால்தான் டார்ச். போன மாம்பழ சீசனில் போச்சம்பள்ளியிலிருந்து ஒரு அக்கா 32 இஞ்சு டிவியைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தார். “பழசைக் குடுத்தா 500 ரூவா கழிச்சுக்கிறேன்னு சொல்றாங்க தம்பி, குடுத்துடட்டுமா?” என்றார். கடை லைட்டை அணைத்தேன், டிவியைப் போட்டேன், செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்தேன். கறுப்புக்குள்ளே மங்கலாக ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. “அய்யோ, படம் உள்ளதான் இருக்குது!” என்றார். பேனல் நன்றாக இருக்கிறது, அதற்குப் பின்னால் வெளிச்சம் கொடுக்கும் பேக்லைட் மட்டும் போயிருக்கிறது. அந்தக் குட்டி எல்.இ.டி. பல்புகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள். பழைய சீரியல் லைட் செட் மாதிரி, ஒன்று போனால் வரிசையே அணைந்துவிடும். பல்பு ஸ்ட்ரிப், கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் வாங்கினேன்.

பேக்லைட் மாற்றும்போது முழு செட்டாக மாற்றச் சொல்லுங்கள். நானே ஆரம்பத்தில் ஒருத்தருக்குக் காசு மிச்சம் பண்ணுகிறேன் என்று எரிந்துபோன ஒரே பல்பை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் பக்கத்துப் பல்பு போய், கடை வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார். மாற்றிய பிறகு செட்டிங்ஸில் பேக்லைட் அளவைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் போதும். நூறில் வைத்தால் சூட்டிலேயே சீக்கிரம் போய்விடும்.

சிவப்பு லைட்டே எரியவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் போர்டுதான். அதைச் சரி பண்ணுவது லாபம். இடி விழுந்து போன டிவியில்தான் கணக்கு குழம்பும். கோடை மழை சமயத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிஷ் ஒயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இடி அந்த வழியாகச் செட்டாப் பாக்ஸுக்கு வந்து, எச்.டி.எம்.ஐ. வழியாக மெயின் போர்டுக்குள் போய்விடும். மெயின் போர்டு, பவர் போர்டு இரண்டும் போயிருந்தால் 32 இஞ்சுக்கு நானே வேண்டாம் என்பேன்.

திரையில் சிலந்தி வலை மாதிரி விரிசல், மை கொட்டியது போல் கறுப்புத் திட்டு என்றால் பேச்சே இல்லை, புதுசுதான். செங்குத்தாகக் கோடு மட்டும் விழுந்தால் அவசரப்படாதீர்கள். கோளாறு பேனலுக்குப் படத்தை அனுப்பும் டி-கான் போர்டிலோ பட்டை ஒயரிலோ இருந்தால் சுலபம். பேனல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிலிம் விட்டிருந்தால் கஷ்டம். சில கடைகளில் “டேப் போட்டுத் தர்றேன்” என்பார்கள், படமும் வரும். எத்தனை மாதம் கேரண்டி என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

ஸ்மார்ட் டிவியில் ஆப் ஓடவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பதற்காக நல்ல பேனலைத் தள்ளிவிடுவதுதான் எனக்குப் பொறுக்காது. பின்னால் குத்துகிற ஃபயர் ஸ்டிக் மாதிரி ஒன்றை வாங்கினால் டிவி மறுபடி ஸ்மார்ட்.

பண விஷயத்தில் என் கணக்கு இது. அதே சைஸ் புது டிவி விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் ரிப்பேர் முடிந்தால் செய்யுங்கள். பாதியைத் தொட்டால் விடுங்கள். இடையில் இருந்தால், ஒரே வருஷத்தில் இது இரண்டாவது ரிப்பேரா என்று பாருங்கள். விலையை இன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது, 43 இஞ்சுக்காரர்கள் பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

கொண்டு வரும்போது படுக்க வைக்காதீர்கள். ஆட்டோவில் நிற்க வைத்து, திரைப் பக்கம் தலையணை கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பேக்லைட் வேலைக்குக் கிளம்பிய டிவி, மேட்டில் குலுங்கிப் பேனல் உடைந்து வந்து இறங்கியதும் உண்டு. ரிமோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.