ரீஸ்விட்சிங் புரிய வேண்டுமா? மூணு வட்டி, அஞ்சு வட்டி, பத்து வட்டி போட்டுப் பாருங்கள்

வட்டி ஏறியதால் கைவிட்ட உற்பத்தி முறைக்கே, வட்டி இன்னும் ஏறும்போது திரும்பிப் போவதுதான் ரீஸ்விட்சிங். இதைப் படிக்கலாம் என்று மூலதனக் கோட்பாட்டில் ஆய்வு செய்கிற பேராசிரியர் யாருடைய கட்டுரையைத் திறந்தாலும் ரெண்டாம் பக்கத்திலேயே மேட்ரிக்ஸ் வந்து பயமுறுத்தும். அதை மூடி வைத்துவிட்டு ஒரு நோட்டும் கால்குலேட்டரும் எடுங்கள்.

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாந்தோப்பு என்று வைத்துக்கொள்வோம். காய்ப்பு ஒன்றுதான், செலவு செய்ய வழி ரெண்டு. முதல் வழியில், காய் பறிப்பதற்கு 2 வருடம் முன்பே 7,000 ரூபாய் மொத்தமாகப் போட வேண்டும். அடுத்த வழியில் 3 வருடம் முன்பு 2,000, பிறகு 1 வருடம் முன்பு 6,000. (தோப்புக்காரர்கள் சிரிக்க வேண்டாம், தொகை கணக்குக்காக மட்டும். 7, 2, 6 என்ற எண்கள் பொருளாதார அறிஞர் சாமுவெல்சன் 1966இல் போட்ட உதாரணத்தில் உள்ளவை, மாங்காய்க்குப் பதில் அவர் சொன்னது ஷாம்பெயின் மது.)

பணம் முழுக்கக் கடன். மூணு வட்டி என்றால் மாதம் நூற்றுக்கு 3 ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். வருடக் கடைசியில் வட்டியை அசலோடு சேர்த்துவிடுங்கள். பறிக்கும் நாளில் முதல் வழிக்கு 12,947, ரெண்டாவதுக்கு 13,191. சரி, முதல் வழிதான் மலிவு. அஞ்சு வட்டியில் 17,920, 17,792. இப்போது ரெண்டாவது மலிவு. வட்டி ஏறினால் வழி மாறும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் பத்து வட்டிக்குப் போடுங்கள்: 33,880, 34,496. கைவிட்ட முதல் வழியே திரும்ப மலிவாகிவிட்டது!

பொருளாதார அறிஞர்களுக்குள் சண்டையே இதில்தான். வட்டி ஏற ஏற மூலதனம் குறைவாகப் பிடிக்கும் முறைக்கு ஒரே திசையில் நகர்வோம் என்று பொருளாதாரப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. மூலதனத்தை எந்த அலகில் அளக்கிறீர்கள் என்று ஜோன் ராபின்சன் 1953லேயே கேட்டுவிட்டார், ஸ்ராஃபா 1960இல் இந்தத் திரும்பலைக் காட்டினார். பொருளாதாரம் முழுவதற்கும் இப்படி நடக்காது என்று 1965இல் நிரூபித்ததாகச் சொன்ன லெவ்ஹாரி, மறு வருடமே சாமுவெல்சனோடு சேர்ந்து அந்தத் தேற்றம் தவறு என்று எழுதினார். எனக்கு இந்த மொத்த விவாதத்திலும் பிடித்தது அந்த நேர்மைதான்.

எந்த வட்டியில் மாறுகிறது என்று பார்க்க, 1 கூட்டல் வருட வட்டியை x என்று வைத்து, ரெண்டு வழியின் செலவும் சமம் என்று எழுதுங்கள் (ஆயிரத்தில் 7x² = 2x³ + 6x), x-ஆல் வகுங்கள். 2x² − 7x + 6 = 0 வரும், பத்தாம் வகுப்புக் கணக்கு. x = 1.5, 2. அதாவது 50 சதவீதத்தில் ஒருமுறை, 100இல் இன்னொருமுறை.

ஒரு எச்சரிக்கை. நான் முதலில் போட்டபோது பத்து வட்டிக்கு 23,800, 22,400 என்று வந்தது, திரும்பலையே காணோம். அரை நாள் மண்டையை உடைத்த அப்புறம்தான் தெரிந்தது, வட்டிக்கு வட்டி போட மறந்திருந்தேன்.