இறப்பு வீட்டில் கண்தானம்: முதல் ஆறு மணி நேரம்

உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். எனவே ஊருக்குச் சொல்லும் முன் கண்வங்கிக்குச் சொல்லுங்கள். கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையும் ஜிப்மரும் பக்கம்தான். கண்வங்கியின் தொலைபேசி எண்ணை முன்பே குறித்து வைப்பது நல்லது; அழுகைக்கு நடுவே தேட முடியாது.

குழு வரும்வரை இமைகளை மூடி, சுத்தமான ஈரப் பஞ்சை மேலே வையுங்கள். தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். எடுத்தபின் ரத்தக் கசிவு குறையும். முக்கியமாக, மின்விசிறியை நிறுத்துங்கள். பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: புழுக்கமென்று யாராவது போட்டுவிடுவார்கள், கருவிழி உலர்ந்துவிடும். ஏசி இருந்தால் ஓடட்டும்.

மருத்துவரின் இறப்புச் சான்றைத் தயாராக வையுங்கள். நெருங்கிய உறவினரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், சாட்சிகளின் கையெழுத்து தேவை. இறந்தவர் உறுதிமொழி தந்திருக்காவிட்டாலும் குடும்பம் சம்மதித்தால் போதும். பரிசோதனைக்குச் சிறிது ரத்தம் எடுப்பார்கள். வேலை 20 நிமிடத்தில் முடியும், முகம் விகாரமாகாது.

சர்க்கரை, கண்ணாடி, கண்புரை அறுவை எதுவும் தடையல்ல. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, வெறிநாய்க்கடி நோய், ரத்தப் புற்றுநோய் இருந்தால் ஏற்கமாட்டார்கள்; மறைக்காதீர்கள்.

மகன் சரியென்று சொல்லி, மகள் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். "அம்மாவுக்கு இதில் விருப்பம் இருந்திருக்குமா?" என்று மட்டும் கேளுங்கள். மறுத்தால் அத்தோடு விடுங்கள். பார்வை பெற்றவர் யாரென்று சொல்லமாட்டார்கள் என்பதையும் முன்பே தெரிவியுங்கள்.