அஸ்பாரகஸ் பாத்தியில் அவசரம் செய்யும் கேடு

இளங்குருத்துக்காக வளர்க்கப்படும் காய்கறியான அஸ்பாரகஸின் அறுவடைப் பருவம் இங்கிலாந்தில் ஏப்ரல் 23 முதல் ஜூன் 21 வரை என்பது மரபு. அந்தப் பருவத்தில் கடையில் விற்கும் குருத்துகளின் விலையைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே வளர்க்கத் துணிபவர்கள், தக்காளியைப் போல நட்ட கோடையிலேயே பறித்துவிடலாம் என்று எண்ணுவது முதல் தவறு. மற்றவற்றுள் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன. இது நன்கு பேணினால் 20 ஆண்டுவரைகூட ஒரே இடத்தில் நின்று பலன் தரும் பயிர்.

நாம் வெட்டி உண்ணும் குருத்து, முந்தைய கோடையில் தழை உருவாக்கி வேரில் சேர்த்துவைத்த உணவைக் கொண்டு எழுகிறது. நம் ஊர்த் தண்ணீர்விட்டான் இதே பேரினத்தைச் சேர்ந்தது. அதன் கொத்துக்கிழங்கைக் கண்டவர்களுக்கு இந்தச் சேமிப்பின் தன்மை எளிதில் விளங்கும். நட்ட ஆண்டில் எழும் குருத்துகளை வெட்டிவிட்டால், செடி தழைத்து உணவு சேர்க்க வழியின்றி இருப்பதையும் செலவழித்து, அடுத்த வசந்தத்தில் பென்சில் பருமன்கூட இல்லாத குருத்துகளையே தரும். ஓராண்டு வளர்ந்த வேர்த்தூர்களை (வேர்க்கொத்தோடு கூடிய அடிப்பகுதி) வாங்கி நட்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகள் கத்தியைத் தொடாமல் இருப்பதே நல்லது. மூன்றாம் ஆண்டில் ஆறு வாரமும், அதன் பின் ஆண்டுதோறும் எட்டு வாரமும் வெட்டலாம். விதையிலிருந்து வளர்ப்பவர்கள் இன்னும் ஓராண்டு பொறுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு வசந்தம்தான் மிகக் கடினமானது என்பேன். குருத்துகள் கண்ணெதிரே கொழுத்து நிற்கும்போது கை சும்மா இருப்பதில்லை.

நடும்போது ஒரு குழி தோண்டி வேரைச் சுருட்டித் திணிப்பவர்களும் உண்டு. ஏறக்குறைய 20 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, மட்கிய எருவிட்டு மண் மூடி, அதன் நடுவே சிறு வரப்பு எழுப்பி, அதன்மேல் தூரை அமர்த்தி, வேர்களை இருபுறமும் சிலந்திக் கால்களைப் போல விரித்துவிட வேண்டும். தூருக்குத் தூர் 30 முதல் 45 செ.மீ. இடைவெளி தேவை. நீர் தேங்கும் மண்ணில் தூர் அழுகிவிடும்.

பெண் செடிகள் சிவந்த காய்களைத் தந்து, கண்ட இடத்தில் எல்லாம் நாற்றுகளை முளைக்கவைக்கும். அந்தக் காய்கள் உண்ணத்தக்கவை அல்ல. இதைத் தவிர்க்க விரும்புவோர் 'ஜெர்சி நைட்' போன்ற ஆண் செடி வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

களையைக் கொத்தினால் மேலோட்டமாக உள்ள வேரும், வெளிவராத குருத்தும் வெட்டுப்படும். கையால் பிடுங்குவதே சரி. கடலோரத்தில் வளரக்கூடிய செடி என்பதால் உப்பைத் தூவிக் களையழிக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. செடி தாங்கினாலும் மண் தாங்காது.

கோடையில் மார்பளவு வளரும் இழைத்தழை பார்வைக்குக் குப்பையாகத் தோன்றுவதால் சிலர் பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டுக் குருத்துக்கான உணவு அந்தத் தழையில்தான் உருவாகிறது; இலையுதிர்காலத்தில் அது மஞ்சளாகிச் சாயும்வரை விட்டுவைத்து, பிறகு தரையையொட்டி வெட்டி அகற்ற வேண்டும், ஏனெனில் அஸ்பாரகஸ் வண்டு குளிர்காலத்தை அந்தப் பழைய தண்டுகளில் கழிக்கக்கூடும்.

அறுவடையைத் தொடங்கும் நாளைவிட நிறுத்தும் நாள் முக்கியம். ஜெர்மனியில் ஜூன் 24, புனித யோவான் திருநாளோடு வெட்டுவதை முடித்துக்கொள்வார்கள். மூன்றாம் ஆண்டில் குருத்துகள் 18 செ.மீ. உயரம் எட்டுமுன் மண்ணுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அவை மெலியத் தொடங்கினால் ஆறு வாரம் முடியாவிட்டாலும் எஞ்சியவற்றை வளரவிடுங்கள்.