வாடகை வீடு: முன்பணம் கைமாறும் முன்

வீட்டைக் காட்டாமலேயே முன்பணம் கேட்பவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். விற்பனை விளம்பரங்களில் வந்த படங்களை எடுத்து, அக்கம்பக்கத்து வாடகையைவிடக் குறைவான தொகையைப் போட்டு, "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று சொல்வதே மோசடிக்காரர்களின் வழக்கமான பாணி. அப்படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தால், அதே சமையலறை வேறோர் ஊரின் விளம்பரத்திலும் இருப்பது சில நேரங்களில் தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் அழைத்துச் சென்று காட்டியது மட்டும் சான்றாகாது. சில நாள்களுக்கு வாடகைக்கு எடுத்தவரே உரிமையாளராக நடித்து, பலரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைவதுண்டு. ஆகவே உரிமை ஆவணம், அடையாள அட்டை, பணம் பெறும் வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அண்டை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்தான பின்னரே பணம் செலுத்துங்கள். ரொக்கமாகக் கொடுக்க நேர்ந்தால், கூச்சப்படாமல் ரசீது கேளுங்கள்.

வீட்டு உரிமையாளரும் ஏமாறுகிறார். "தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று வாடகைக்கு வருபவராக நடிப்பவர் கேட்பார்; அவர் கொடுத்த காசோலை சில நாள் கழித்துப் பணமின்றித் திரும்பிவரும். நீங்கள் அனுப்பிய மீதியோ போனது போனதுதான். காசோலை தேறிவிட்டதென வங்கி உறுதிசெய்யும்வரை எதையும் திருப்பி அனுப்பாதீர்கள்.