கேபிளை நிறுத்தும் முன் ஆட்ட அட்டவணையைக் கையில் எடுங்கள்

எங்கள் சொந்தக்காரர்களில் யாராவது கேபிளை நிறுத்திவிட்டு ஸ்ட்ரீமிங்குக்கு மாறப் போகிறார்கள் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். வீட்டில் விளையாட்டுப் பைத்தியம் நான்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். "எந்த ஆப் வாங்கலாம்?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் அதற்கு உடனே பதில் சொல்ல மாட்டேன். ஒரு தாளை எடுத்து, போன வருஷம் உட்கார்ந்து பார்த்த ஆட்டங்களை எழுதச் சொல்வேன். பார்க்க ஆசைப்பட்டவை வேண்டாம், உண்மையிலேயே பார்த்தவை மட்டும். அந்தப் பட்டியல் இல்லாமல் எந்தச் சந்தாவிலும் கை வைக்காதீர்கள்.

கேபிளில் ஒரு விளையாட்டுச் சேனல் தொகுப்பை வாங்கினால் எது எங்கே வருகிறது என்று யோசிக்க வேண்டியதில்லை, ரிமோட்டில் தள்ளிக்கொண்டே போனால் கிடைத்துவிடும். ஸ்ட்ரீமிங்கில் அப்படி இல்லை. ஒளிபரப்பு உரிமை போட்டிக்குப் போட்டி தனித்தனியாக விற்கப்படுகிறது. "நான் டென்னிஸ் பார்ப்பேன்" என்று எழுதினால் போதாது. நான்கு கிராண்ட்ஸ்லாம்களையும் நான்கு அமைப்புகள் நடத்துகின்றன. ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் ஒவ்வொன்றும் தன் உரிமையைத் தானே விற்கிறது. ஆண்களுக்கான ஏடிபி போட்டிகளும் பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டிகளும் வேறு வேறு. நான்கு ஸ்லாமும் ஒரே ஆப்பில் வருமா என்பது உங்கள் நாட்டில் யார் எதை வாங்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கிரிக்கெட்டும் அப்படித்தான். உலகக் கோப்பையின் உரிமையை ஐசிசி விற்கிறது. இரண்டு நாடுகள் ஆடும் தொடர் என்றால், அதை நடத்தும் நாட்டின் வாரியம் விற்கிறது. அதனால் உங்களுக்குப் பிடித்த அணி சொந்த மண்ணில் ஆடும்போது ஒரு ஆப்பிலும், வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் வேறொரு ஆப்பிலும் வரலாம். கால்பந்தில் பிரீமியர் லீக், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுயெஃபா நடத்தும் சாம்பியன்ஸ் லீக், ஃபிஃபாவின் உலகக் கோப்பை என மூன்றுக்கும் மூன்று கடை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிவி உரிமையும் இணைய உரிமையும் ஒரே நிறுவனத்திடம் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 2022-இல் நடந்த ஐபிஎல் ஏலத்தில் இந்தியாவுக்கான டிவி உரிமை ஒரு நிறுவனத்துக்கும் இணைய உரிமை வேறொரு நிறுவனத்துக்கும் போனது. அமெரிக்காவில் என்எஃப்எல் சண்டே டிக்கெட், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத் தொகுப்பு, பல வருஷம் ஒரு செயற்கைக்கோள் டிவி நிறுவனத்திடம் இருந்துவிட்டு, 2023-இல் யூடியூபுக்கு மாறியது. உரிமை ஒப்பந்தம் பொதுவாகச் சில வருஷங்களுக்குத்தான் இருக்கும். அதனால் போன வருஷம் ஒரு நண்பர் சொன்னதை நம்பி ஆப் வாங்காமல், போட்டியை நடத்தும் அமைப்பின் தளத்துக்கே போய், ஒளிபரப்பாளர் பட்டியலில் உங்கள் நாட்டின் பெயருக்கு எதிரே இந்தப் பருவத்துக்கு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலான பெரிய போட்டிகள் அந்தப் பட்டியலை வெளியிடுகின்றன.

லீக் நேரடியாக விற்கும் சந்தா ரொம்பக் கவர்ச்சியாகத் தெரியும். அமெரிக்கக் கூடைப்பந்தின் என்பிஏ லீக் பாஸ், ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் எஃப்1 டிவி எல்லாம் இந்த வகை. வாங்கும் முன் தடை விதிகளைப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் லீக் பாஸ் எடுத்தால், நீங்கள் இருக்கும் பகுதியின் அணி ஆடும் ஆட்டம் நேரலையில் வராது. நாடு முழுக்கக் காட்டப்படும் ஆட்டமும் வராது. உள்ளூர் அணிக்காகவே எடுத்தவருக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. வேறு ஊரில் குடியேறி, பழைய ஊர் அணியை இன்னும் நேசிப்பவருக்கு அதே சந்தா வரம். எஃப்1 டிவியும் எல்லா நாட்டிலும் நேரலை தருவதில்லை.

தாளில் எழுதியதை மாத வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இங்கேதான் பணம் மிச்சமாகும். ஒரு ஆப்புக்கு இரண்டு மாதம்தான் வேலை என்று தெரிந்தால் மாதச் சந்தா போதும், வருஷச் சந்தா தேவையில்லை. வருஷம் முழுக்க ஓடும் லீக்கைப் பின்தொடர்பவர் வருஷத்துக்கே கட்டிவிடலாம். அப்புறம், இலவசமாகவே கிடைப்பதற்குப் பணம் கட்டாதீர்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா போன்ற நாடுகளில் முக்கியமான சில போட்டிகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்கென்றே சட்டம் இருக்கிறது. பட்டியலும் விதமும் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் டிவியில் டிஜிட்டல் ஆன்டெனா வேலை செய்யும் என்றால் அதையும் ஒரு வழியாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆன்டெனா மீது தனி மரியாதை உண்டு, அதற்கான காரணம் கீழே வருகிறது.

இனி இணையம். வேகத்தை ரவுட்டர் பக்கத்தில் நின்று மத்தியான நேரத்தில் அளப்பதில் பயனில்லை. டிவி இருக்கும் இடத்தில், ஆட்டம் நடக்கும் நேரத்தில், வீட்டில் மற்றவர்களும் இணையத்தைப் பயன்படுத்தும்போது அளக்க வேண்டும். முழு எச்டி தரத்துக்கு டிவிக்கு மட்டும் 10 எம்பிபிஎஸ் தடையில்லாமல் வந்தால் நிம்மதி. 4கே என்றால் 25 இருக்கட்டும். சீரியல் நன்றாக ஓடுகிறதே, ஆட்டமும் ஓடும் என்று முடிவு கட்ட வேண்டாம். வீடியோவைச் சுருக்கும் முறை, ஒரு ஃபிரேமுக்கும் (வீடியோவில் உள்ள ஒரு தனிப் படத்துக்கும்) அடுத்ததற்கும் மாறாத பகுதியைத் திரும்ப அனுப்பாமல் மிச்சம் பிடிக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் பின்சுவர் அசைவதில்லை, அதனால் நிறைய மிச்சமாகும். கேமரா பந்தைத் துரத்திக்கொண்டு எல்லைக் கோடு வரை ஓடும்போது புல், கூட்டம், விளம்பரப் பலகை எல்லாம் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறும். வேகம் போதவில்லையென்றால் முதலில் அடிபடுவது புல்தான். தனித்தனிப் புல்லாகத் தெரிய வேண்டியது பச்சைக் களிம்பு தடவினாற்போல் ஆகிவிடும். தரத்தைச் சோதிக்க நான் முகத்தைப் பார்ப்பதில்லை, கேமரா வேகமாக நகரும்போது புல்லைப் பார்ப்பேன்.

முடிந்தால் டிவிக்கு லான் கேபிள் போட்டுவிடுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். இடையில் சுவர்கள் அதிகம் என்றால் 2.4-தான் எட்டும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசலும் அதில்தான் இருக்கும். மாத டேட்டாவுக்கு வரம்பு உண்டா என்றும் பாருங்கள். 8 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் படம் மணிக்கு 3.6 ஜிபி தின்னும். நாளுக்கு ஆறு மணி நேரம் என்று ஐந்து நாள் டெஸ்ட் போட்டி பார்த்தால் 108 ஜிபி. சினிமா மட்டும் பார்க்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு வராது.

டிவி பழசாகிவிட்டது, புதிதாக வாங்க வேண்டுமோ என்று கேட்பார்கள். படம் நன்றாக இருந்தால் வேண்டாம். பழைய ஸ்மார்ட் டிவிகளில் ஆப்களுக்குப் புதுப்பிப்பு வருவது ஒரு கட்டத்தில் நின்றுவிடும், அவ்வளவுதான். எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் பட்டியலில் உள்ள ஆப்கள் அந்த ஸ்டிக்கில் கிடைக்கின்றனவா என்பதை மட்டும் வாங்கும் முன் உறுதிசெய்யுங்கள்.

ஸ்டிக் வாங்கியவர்கள் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உலகின் இன்னும் பல பகுதிகளிலும் ஆட்டங்கள் நொடிக்கு 50 ஃபிரேம் கணக்கில் ஒளிபரப்பாகின்றன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 60. ஸ்டிக் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைக் காட்டும்படி, அமைக்கப்பட்டு வரும். 50 ஃபிரேம் படத்தை 60-இல் காட்டினால், கணக்கைச் சரிக்கட்ட நொடிக்குப் பத்து ஃபிரேம் இரண்டு முறை காட்டப்படும். சும்மா நிற்கும் காட்சியில் தெரியாது. டென்னிஸ் பந்து வலையைத் தாண்டும்போதும், கார் வளைவில் திரும்பும்போது கேமரா கூடவே திரும்பும்போதும், படம் லேசாக வெட்டி வெட்டி நகரும். பலர் இதை இணையக் கோளாறு என்று நினைத்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஸ்டிக்கின் டிஸ்பிளே அமைப்புக்குள் போய், படத்தின் ஃபிரேம் வேகத்துக்கு ஏற்ப மாறும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். சில ஆப்கள் அதை மதிக்காது. அப்போது, ஆட்டம் 50-இல் வருவது என்றால், ஸ்டிக்கையே 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். பந்து வழுக்கிக்கொண்டு போகும்.

இப்போது தாமதம். ஸ்ட்ரீமிங் நேரலை, மைதானத்தில் நடப்பதற்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். காரணம் இதுதான்: படம் தொடர்ந்து ஓடிவருவதில்லை, சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை இன்றும் பரவலாக இருக்கிறது; அதில் துண்டு ஒன்றுக்கு 6 நொடி என்பது பரிந்துரை. இணையம் ஒரு கணம் தடுமாறினாலும் படம் நிற்காமலிருக்க, பிளேயர் சுமார் மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளும். அதுவே 18 நொடி. சுருக்குவதற்கும் அனுப்புவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் அரை நிமிஷத்தை நெருங்கிவிடும். தாமதத்தைக் குறைக்கும் புதிய முறைகள் வந்திருக்கின்றன, ஆனால் எல்லா ஆப்பும் பயன்படுத்துவதில்லை. ஆன்டெனாவுக்கு இந்தத் துண்டுக் கணக்கெல்லாம் கிடையாது, அதனால் அதில் கோல் முன்பே விழுந்துவிடும்.

தாமதத்தை நம்மால் போக்க முடியாது, ஆனால் அது ஆட்டத்தின் சுவையைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்கும் முன் போனில் ஸ்கோர் ஆப்களின் அறிவிப்பை அணைத்துவிடுங்கள். குடும்ப வாட்ஸப் குழுவையும் சேர்த்துத்தான். எங்கள் வீட்டில் பெனால்டி ஷூட்அவுட் நேரத்தில் போன்கள் எல்லாம் அடுத்த அறைக்குப் போய்விடும். இரண்டு அறையில் இரண்டு டிவியில் ஒரே ஆட்டத்தைப் போடவும் வேண்டாம், ஒன்று முந்தும் ஒன்று பிந்தும்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைவிட முக்கியமானது ரிமோட். என் அப்பாவுக்குச் சேனல் எண்தான் முகவரி. மூன்று எண்ணை அழுத்தினால் ஆட்டம் வந்துவிட வேண்டும். ஸ்டிக் ரிமோட்டில் எண்ணே கிடையாது. அதனால் முகப்புத் திரையில் அவர் பார்க்கும் ஆப்பை முதல் இடத்துக்கு நகர்த்திவிட்டு, தேவையில்லாதவற்றை எடுத்துவிட்டேன். இன்னொரு விஷயம் எனக்கு அவர் பார்க்கும்போதுதான் பிடிபட்டது. பந்துவீச்சாளர் ஓடிவரும் நேரத்தில் ரிமோட்டை மடியில் வைக்கும்போது நடுப் பொத்தான் அழுந்தி, படம் நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும், ஆனால் நேரலையிலிருந்து பின்தங்கியிருக்கும். பல ஆப்களில் நேரலை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். சிவப்பாக இருந்தால் நேரலை, சாம்பல் நிறமானால் பின்தங்கியிருக்கிறோம். அந்தப் புள்ளிக்குப் போய் அழுத்தத் தெரிந்ததும் அப்பாவின் பாதிக் குறை தீர்ந்தது. ஆட்டத்தை முதலிலிருந்து பார்க்கும் வசதியையும் காட்டிக்கொடுங்கள். தூங்கி எழுந்து முதல் பந்திலிருந்து பார்க்கலாம் என்பது அவருக்குக் கேபிள் தராத சுகம்.

இவ்வளவும் தயாரான பிறகும் கேபிளை உடனே நிறுத்த வேண்டாம். ஒரு மாதம் இரண்டும் இருக்கட்டும், அந்த மாதத்தில் ஒரு பெரிய ஆட்டமாவது வர வேண்டும். சாதாரண நாளில் ஒழுங்காக ஓடும் சேவை, கோடிக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வந்தால் திணறலாம். 2024 நவம்பரில் மைக் டைசன் - ஜேக் பால் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரலையில் காட்டியபோது பலருக்குப் படம் நின்று நின்று வந்தது. பெரிய ஆட்டம் அன்று உங்கள் வீட்டில், உங்கள் டிவியில் எப்படி ஓடுகிறது என்பதுதான் தேர்வு. ஒரே சந்தாவில் ஒரே நேரத்தில் எத்தனை திரை ஓடும் என்பதையும் அன்றே சோதித்துவிடுங்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் அதே கணக்கில்தான் நுழைவார்கள்.

பயணம் அதிகம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமை நாட்டளவில் விற்கப்படுவதால், எல்லை தாண்டினால் ஆப் திறக்கும், ஆட்டம் திறக்காது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும், 2018 ஏப்ரல் 1 முதல், தற்காலிகமாக வேறொரு உறுப்பு நாட்டுக்குப் போனவர் சொந்த நாட்டுக் கட்டணச் சந்தாவை அங்கேயும் பார்க்க வழிசெய்யும் விதி இருக்கிறது.

எல்லோரும் மாற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டியலை எழுதிப் பார்த்து, ஐந்தாறு ஆப் தேவைப்படுகிறது என்றால் கேபிளே மலிவாக இருக்கலாம். எதேச்சையாகச் சேனல் மாற்றும்போது கண்ணில் பட்ட ஒரு ஸ்னூக்கர் ஆட்டத்திலோ சைக்கிள் பந்தயத்திலோ மூழ்கிப்போகும் ரகம் நீங்கள் என்றால், ஸ்ட்ரீமிங்கில் அது குறைந்துபோகும், தேடினால்தான் கிடைக்கும். அப்படிப்பட்டவர்கள் சிறிய கேபிள் தொகுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, கூட ஒரே ஒரு ஆப் எடுப்பது நல்லது.

மாறுவது என்று முடிவானால், கேபிளும் இணையமும் ஒரே நிறுவனத்திடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கேபிளை நிறுத்தினால் இணையக் கட்டணச் சலுகை போய்விடுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். செட்-டாப் பாக்ஸ், ரிமோட், அடாப்டர் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாக்ஸின் வரிசை எண் எழுதிய ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். புதிய சந்தாக்களில் தானாகப் புதுப்பிப்பதை அன்றே அணைத்துவிடலாம். பெரும்பாலான சேவைகளில் கட்டிய காலம் முடியும் வரை ஆட்டம் ஓடும். போனின் ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் ரத்து செய்வதும் அங்கேதான், சேவையின் தளத்தில் தேடினால் அந்தப் பொத்தான் இருக்காது.